மெசினுக்கு நேர்ந்துவிட்ட முடி

சேலத்தில் அந்த ஆஸ்பத்திரிக்கு வாசலில் எழுதிப் போட்ட பேர் ஒன்று, சனங்கள் வைத்த பேர் ஒன்று. "கரண்டு வெக்கிற ஆஸ்பத்திரி" என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். புற்றுக்கட்டிக்குக் கதிர் பாய்ச்சுவதை இந்தப் பக்கத்தில் கரண்டு வைப்பது என்றே சொல்கிறார்கள். தனப்பிரியா அங்கே எம்.டி. சேர்ந்த புதிதில், இது கரண்டு இல்லை, ஷாக் எல்லாம் அடிக்காது என்று ஒவ்வொருவருக்கும் மெனக்கெட்டு விளக்கினாள். ஒரு வருஷம் போவதற்குள் அவளே, "இன்னைக்குக் கரண்டு வெச்சாச்சுங்களா?" என்று கேட்கப் பழகிவிட்டாள். அப்படிக் கேட்டால்தான் அவர்களும் மனசுவிட்டுப் பேசினார்கள்.

அவளுக்கு ஊர் நாமக்கல்லுக்கு மேற்கே. அப்பா கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிப் படிப்பு என்று அவள் ஊரார் நினைப்பது வேறு, அவள் படிக்கிறது வேறு. காலையில் வகுப்பு, பிறகு வார்டு, பிறகு புது நோயாளிகள் வரிசை, மத்தியானத்துக்கு மேல் இருட்டு அறையில் கம்ப்யூட்டர். ஸ்கேன் படத்தைத் தாள் தாளாகப் புரட்டி, கட்டி இருந்த இடத்துக்கு ஒரு நிறம், தண்டுவடத்துக்கு ஒரு நிறம், எச்சில் சுரப்பிக்கு ஒரு நிறம் என்று கோடு இழுக்கவேண்டும். கதிர் எங்கே பாயவேண்டும், எங்கே பாயக்கூடாது என்பது அந்தக் கோட்டில் இருக்கிறது. ஒரு ஆளுக்கு இழுத்து முடிப்பதற்குள் கண் எரியும். இழுத்ததை மறுநாள் பெரிய டாக்டர் தண்டாயுதபாணி பார்த்து, "இது என்ன, கோலமா?" என்று பாதியை அழிப்பார். மறுபடி முதலிலிருந்து.

பெரியவரிடம் வேலையில் குறை சொல்ல முடியாது. கோபத்தில்தான் குறையே இல்லாமல் இருந்தார். படிக்கிற பிள்ளைகள் அவர் அறைக் கதவைத் தட்டிவிட்டு, உள்ளேயிருந்து "வா" என்று சத்தம் வரும்வரை நிற்கவேண்டும். சத்தம் வராவிட்டால் நின்றுகொண்டே இருக்கவேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே என்று சீனியர்கள் அந்தக் கதவைப் பார்த்துச் சொல்லிக்கொள்வார்கள்.

பொன்னாத்தாள் அங்கே வந்தது மாசி மாதக் கடைசியில். ராசிபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்குத் தோல் சீவுகிற வேலை. கிழங்குக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தால் பொழுது இறங்கும்வரை எழுந்திருக்க முடியாது. பசி தெரியாமல் இருக்க இடது கன்னத்தில் புகையிலையை அடக்கிக்கொள்வாள். அடக்கி அடக்கி அந்தக் கன்னத்திலேயே கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். மிச்சம் மீதி வேர் விட்டிருந்தால் கருகட்டும் என்று ஆறு வாரத்துக்குக் கரண்டு எழுதினார்கள்.

முகத்துக்குக் கரண்டு வைப்பதென்றால் முதலில் அச்சு எடுக்கவேண்டும். ஓட்டை ஓட்டையாக இருக்கிற ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையைச் சுடுதண்ணீரில் போட்டால் நனைந்த அப்பளமாகக் குழைந்துவிடும். அதை எடுத்து முகத்தின்மேல் இழுத்து அழுத்தினால், மூக்கு, தாடை, நெற்றி எல்லாம் பதிந்து இறுகிக்கொள்ளும். தினமும் அந்த முகமூடியைப் போட்டு மேஜையோடு சேர்த்துப் பூட்டினால் தலை இம்மி அசையாது. பொன்னாத்தாளுக்கு அச்சு எடுத்த அன்று மெசின் ஓட்டுகிற வீரபாகு தடுமாறிப்போனார். அவ்வளவு முடி. ஐம்பத்தைந்து வயசில் கொண்டை ஒரு கைக்கு அடங்கவில்லை. கொண்டையை அவிழ்த்து, தலைக்குக் கீழே மெத்தையாகப் பரப்பி, அதன்மேல் படுக்கவைத்துத்தான் அச்சை எடுத்தார்கள். தனப்பிரியா பக்கத்திலிருந்து தாடையை அழுத்திப் பிடித்தாள்.

பொன்னாத்தாளின் வீட்டுக்காரர் செல்லமுத்து நல்ல மனிதர். ரெண்டு மாட்டைக் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு தினமும் பஸ் ஏறுவார். கையில் தூக்குப்போசி. முதல் வாரம் அரிசியும்பருப்புஞ் சாதம், இரண்டாம் வாரம் தயிரில் பிசைந்தது, அதற்குப் பிறகு மோர் கலந்த ராகிக்கூழ். வாய் புண்ணாகிக்கொண்டே போவதை அந்தப் போசியைத் திறந்தாலே தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாம் வாரத்தில் மெசின் நின்றுபோனது. ஏதோ ஒரு சாமான் பெங்களூரிலிருந்து வரவேண்டும், இன்று வரும் நாளை வரும் என்று நாள் போயிற்று. இந்த நோய்க்கு நடுவில் இடைவெளி விடக்கூடாது. விட்டால், அடிபட்ட கட்டி மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்துகொள்ளும். இது தனப்பிரியா முதல் வருஷமே படித்த பாடம். பக்கத்து அறையில் பழைய கோபால்ட் மெசின் ஒன்று இருக்கிறது. எலும்பு வலிக்காரர்களுக்குக் காலையில் மட்டும் ஓட்டிவிட்டு மூடிவிடுவார்கள். அதில் வேலை நயம் போதாது, ஒவ்வொரு ஆளுக்கும் கதிர்க் கணக்கைத் திரும்பப் போடவேண்டும், இரவு வரைக்கும் ஆள் நிற்கவேண்டும். ஆனாலும் வாயில் கட்டி வந்த வாய்க்காரர்களை மட்டுமாவது நாலு நாளைக்கு அதில் போட்டு ஓட்டலாம். தனப்பிரியாவுக்கு இந்த யோசனை வந்தது. பெரியவர் கதவுவரை போகவும் போனாள். உள்ளே அவர் சாமான் கம்பெனிக்காரனைப் போனில் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார். தட்டத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

திரும்பி வந்த வழியில் ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள், எப்போது ஓடும் என்று. முந்தின இரவு வார்டில் டியூட்டி, கண்ணில் பொட்டுத் தூக்கமில்லை, கேட்கவேண்டியதைக் கேட்காமல் வந்த எரிச்சல் வேறு. "எனக்கென்னங்க தெரியும்? அவங்கவங்க சாமிய வேண்டிக்கங்க, ஓடுனா ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சில பேர் சிரித்தார்கள். மறுநாள் காலையில் சாமான் வந்து மெசினும் ஓடிவிட்டது. அவள் சொன்னதை அவளே மறந்துபோனாள்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, கம்ப்யூட்டர் அறை வாசலில் பொன்னாத்தாள் வந்து நின்றாள். ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை குலசாமி கோயிலுக்குப் போய்விட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டாள். தனப்பிரியா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மறுநாள் காலை பெரியவர் பார்க்கிற கோடு அது. வெயிலில் அலையவேண்டாம், கன்னத்தில் மஞ்சள் பூசவேண்டாம், கோயில் சோறு காரமாயிருந்தால் தொடவேண்டாம் என்று மூன்று வேண்டாம் சொல்லி, போய்விட்டு வாங்க என்றாள். என்ன வேண்டுதல் என்று கேட்கவில்லை.

இந்த இடத்தில் அவளுக்குச் சாக்குச் சொல்ல நம்மாலும் முடியாது. அவள் எங்கிருந்தோ வந்தவள் அல்ல. அவளுக்கு இந்த எம்.டி. சீட்டுக் கிடைத்தபோது அவளைப் பெற்றவள் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, தலைநிறையச் சந்தனத்தோடு கோழிப்பண்ணை வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். இந்தச் சீமையில் வேண்டுதல் பாக்கி என்றால் என்ன என்று அவள் வீட்டுச் சுவரிலேயே மாட்டியிருக்கிறது.

திங்கட்கிழமை வீரபாகு போன் செய்து, கொஞ்சம் மெசின் ரூமுக்கு வாங்க மேடம் என்றார். போனாள். மேஜையில் பொன்னாத்தாள் உட்கார்ந்திருந்தாள். முந்தானையை எடுத்ததும் வழவழவென்று மொட்டைத் தலை. சந்தனம் காய்ந்து காதோரம் வெடித்திருந்தது.

படுக்கவைத்து முகமூடியைப் பூட்டிப் பார்த்தார்கள். நெற்றிப்பொட்டில் ரெண்டு விரல் தாராளமாகப் போய் வந்தது. மெத்தையாகக் கிடந்த முடி இல்லாததால் தலை பின்னால் இறங்கி, கழுத்து வேறு மாதிரி வளைந்து கிடந்தது. வீரபாகு ஒன்றும் கெட்டவர் அல்ல. வெளியே அன்றைக்கும் ஹால் கொள்ளாத கூட்டம். ஒரு துண்டை மடித்துத் தலைக்கடியில் வைத்தார். முகமூடி அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்துகொண்டது.

"இப்ப சரியாப் போச்சுங்க மேடம். நீங்க சரின்னா ஓட்டீரலாம்" என்றார்.

திங்கட்கிழமைதோறும் கரண்டு வைப்பதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுத்து, எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கவேண்டும். அன்றைக்குப் பார்க்கவேண்டியவள் தனப்பிரியா. வெளியே வந்து படம் எடுத்தார்கள். திரையில் கழுத்தெலும்பு அரை விரல்கடை தள்ளி நின்றது. துண்டு தலையைத் தூக்கியதே தவிர, முடி தாங்கிய மாதிரி தாங்கவில்லை. அவள் தானே கண்ணெரிய உட்கார்ந்து, இதற்குள் கதிர் வரவே கூடாது என்று தண்டுவடத்தைச் சுற்றி இழுத்த கோடு, இப்போது கதிர் பாய்கிற இடத்துக்குள் நுழைந்திருந்தது.

நிறுத்தினால் புது அச்சு, புது ஸ்கேன், புதுக் கோடு, புதுக் கணக்கு. ஏற்கெனவே மெசின் தின்ற நாட்கள் போக, இன்னும் நாட்கள் போகும். பெரியவருக்கும் தெரிந்துவிடும். ஓட்டினால் யாருக்கும் தெரியாது. ஒரு நாளில் கை கால் விழுந்துவிடாது. ஆனால் இன்று துண்டு வைத்தவர்கள் நாளையும் வைப்பார்கள். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து, கிழங்குக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்த பொன்னாத்தாளுக்குக் கை மரத்துப்போனால், அது இந்தத் துண்டால் வந்தது என்று யாரும் சொல்லப்போவதில்லை. தனப்பிரியாவுக்குப் பயமாக இருந்தது. பெரியவரை நினைத்துப் பாதி, அந்தக் கையை நினைத்துப் பாதி. வீரபாகு பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாமுங்கண்ணா. எறக்கீருங்க" என்றாள்.

அச்சு எடுக்கிற அறையில் பொன்னாத்தாளையும் செல்லமுத்துவையும் உட்காரவைத்துக் கேட்டாள். கோபமாகக் கேட்கவேண்டும் என்றுதான் நினைத்தாள். சந்தனத் தலையைப் பார்த்தால் கோபம் வரமாட்டேன் என்றது.

"ஏனுங்கம்மா, கரண்டு முடிஞ்ச பொறவு முடி குடுத்திருக்கலாமல்லங்க?"

பொன்னாத்தாளுக்கு வாயெல்லாம் புண். ஒவ்வொரு சொல்லையும் நாக்கில் படாமல் எடுத்து வைக்கிறவளாகப் பேசினாள். "வேண்டுனது நெறவேறிப்போச்சுங்களே அம்மிணி. பொறவும் தலையில வெச்சிருந்தா சாமி குத்தமாயிருமல்லங்க."

"நோவு இன்னும் தீரலயேங்கம்மா. அப்பறம் எது நெறவேறுச்சு?"

"நோவுக்கு வேண்டுலீங்க. மெசினு ஓடோணும்னு வேண்டுனேன்."

தனப்பிரியா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்கதானுங்களே சொன்னீங்க. அவுங்கவுங்க சாமிய வேண்டிக்கங்கன்னு. நீங்க அந்தப்பக்கம் போனதீம், பெஞ்சுல உக்காந்துக்கிட்டே வேண்டிக்கிட்டனுங்க. மெசினு ஓடுனா முடி குடுத்தர்றேன்னு. விடிஞ்சு வந்தா ஓடிக்கிட்டிருக்குது."

செல்லமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் சொன்னனுங்க, கரண்டு முடியட்டும், ஆடிப்பெருக்குக்குக் குடுத்துக்கலாம்னு. கேக்கலீங்க. கடன வெச்சுக்கிட்டு எப்படிப் போயி அந்த மேசையில படுக்கறது, மறுக்கா நின்னுபோச்சுன்னா எனக்கு மட்டுமா போகுது, அங்க உக்காந்திருக்கறவுங்க அத்தன பேருத்துக்கும் போகுமேன்னுட்டா. ஜேடர்பாளையம் போயி, ஆத்தங்கரையில முடி எறக்கி, கழுத்துக்குக் கீழ மட்டும் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் வந்தோமுங்க. நீங்க சொன்னபடி மஞ்சக்கூடப் பூசுலீங்க."

"நெம்பத் தப்பாப் போச்சுங்களா, சாமி?" என்று பொன்னாத்தாள் கேட்டாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் ஒருத்தியுடையது, கெட்டது இன்னொருத்திக்கு. தனப்பிரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கமேல தப்பில்லீங்க என்றாள்.

பெரியவர் கதவைத் தட்டிவிட்டு நின்றாள். வெகுநேரம் கழித்து "வா" வந்தது. நடந்ததைச் சொன்னாள். அவருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. சொன்ன பேச்சுக் கேட்காதவர்களுக்கு எல்லாம் நாம் ஏன் உயிரை விடவேண்டும், அந்த வீட்டுக்காரனைக் கூப்பிடு, வேறு ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளச் சொல் என்று குதித்தார்.

"அவங்க சொன்ன பேச்சுக் கேட்டதாலதான் சார் இப்படி ஆச்சு" என்றாள் தனப்பிரியா. "வேண்டிக்கச் சொன்னது நான். கோயிலுக்குப் போகச் சொன்னதும் நான். என்ன வேண்டுதல்னு கேக்காம விட்டதும் நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"துணி வெச்சு ஓட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"தெரியாது சார்."

"சரி. இன்னைக்கே அச்சு, இன்னைக்கே ஸ்கேன். பிசிக்ஸ்ல மோனிஷாகிட்ட நான் சொல்றேன்னு சொல்லு. புதன்கிழமை அந்தம்மா மேஜைல இருக்கணும். அதுவரைக்கும் நீ ஹாஸ்டலுக்குப் போகாதே."

நடுவில் இருக்கிற நாளுக்குப் பழைய மெசினில் வைக்கலாமா என்று கேட்க நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். வந்தது அப்படியே இறங்கிவிட்டது. ஒரு நாளில் ரெண்டு தைரியம் அவளுக்கு இல்லை.

புது அச்சு எடுத்தார்கள். குழைந்த பிளாஸ்டிக் முகத்தில் இறங்கும்போது பொன்னாத்தாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வெறும் மண்டையில் சூடு நேரே படுகிறதே என்று வீரபாகு ஊதி ஊதி ஆற்றினார். பழைய முகமூடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தலைப்பக்கம் அது எவ்வளவு பெரியதாக இருந்தது என்று தெரிந்தது. ஆளே இளைத்தும் போயிருந்தாள். தாடையோரமும் புது அச்சு சிறுத்திருந்தது. தனப்பிரியா பழையதைக் குப்பையில் போடவில்லை. சுவரில் அது தொங்குகிற ஆணியிலேயே திரும்ப மாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்கக் கோடு. வாய்க்குள், கழுத்தில், தண்டுவடத்தைச் சுற்றி. மத்தியானம் அம்மா போன் செய்தாள். இந்த வாரமாவது ஊருக்கு வருவாயா, முட்டை வண்டிக்காரரிடம் முறுக்குக் கொடுத்தனுப்பட்டுமா என்று கேட்டுவிட்டு வைக்கப் போனவளை நிறுத்தி, சீட்டுக் கிடைத்ததும் ஓடிப்போய் முடி கொடுத்தாயே, கொஞ்சம் பொறுத்திருந்தால் என்ன என்று தனப்பிரியா கேட்டாள்.

"பொறுக்கறதா? பொறுத்து, அதுக்குள்ள சீட்டு கைவுட்டுப் போயிருந்தா ஆரு பதில் சொல்றது? நீயா?" என்றாள் அம்மா.

தனப்பிரியா போனை வைத்துவிட்டுத் திரும்பக் கோட்டுக்கு வந்தாள். மோனிஷா சாயங்காலத்துக்குமேல் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். பெரியவர் வந்து, ரெண்டு இடத்தில் மட்டும் அழித்துத் திருத்தி, கையெழுத்துப் போட்டார். கோலமா என்று கேட்கவில்லை.

புதன்கிழமை காலையில் செல்லமுத்து பால் ஊற்றக்கூட நிற்காமல் முதல் பஸ்ஸுக்கே கூட்டி வந்துவிட்டார். சித்திரை வெயில் எட்டு மணிக்கே ஹால் சிமெண்டைச் சுட வைத்துவிட்டது. பொன்னாத்தாளின் பேரைக் கூப்பிட்டார்கள். மேஜையில் படுத்தாள். முகமூடி கையுறை மாதிரி ஏறியது. படம் எடுத்தார்கள். எலும்பு எள்ளளவும் பிசகாமல் கோட்டின்மேல் கோடாக உட்கார்ந்திருந்தது. தனப்பிரியா இரண்டு நாளைக்குப் பிறகு நன்றாக மூச்சு விட்டாள். வீரபாகு பட்டனை அழுத்தினார்.

திரையில் சிவப்பாக ஒரு எழுத்து வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே எழுத்து. போன தடவை மெசின் நின்றபோது வந்த அதே எழுத்து.

சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்பது இதுதான். இன்ஜினியருக்குப் போன் போனது. சாமான் பெங்களூரிலிருந்து வரவேண்டும் என்றது அங்கிருந்த குரல். பொன்னாத்தாளைப் பூட்டிலிருந்து விடுவித்து வெளியே கூட்டி வந்தார்கள். நெற்றியிலும் கன்னத்திலும் முகமூடியின் கட்டம் கட்டமான தடம் பதிந்திருந்தது. ஹாலில் யாரும் எதுவும் சொல்லாமலே எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. செல்லமுத்து கூழ்ப்போசியைத் திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாரும் தனப்பிரியாவைப் பார்த்தார்கள். ஒரு கிழவர், போன தடவை சிரித்தவர், வீட்டிலிருந்தே கும்பிட்டுவிட்டு வந்தேனே என்றார்.

தனப்பிரியா நடு ஹாலில் நின்றாள்.

"யாரும் ஒண்ணும் வேண்டிக்க வேண்டாமுங்க" என்றாள். "பக்கத்து ரூம்ல பழைய மெசின் ஒண்ணு இருக்குது. வாய்க்காரவங்களுக்கு அதுல வெக்கச் சொல்லி நான் கேட்டுட்டு வாரேன். யாரும் ஊட்டுக்குப் போயிராதீங்க."

பொன்னாத்தாள் அவள் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் நுனியைப் பிடித்தாள். மொட்டைத் தலையை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிக்கொண்டாள்.

"கேளு, சாமி. நீதான் கேக்கோணும். குடுக்கறதுக்கு இனி என்ற தலையில ஒண்ணுமில்ல."

தனப்பிரியா நடந்தாள். பெரியவர் அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டாமலே திறந்துகொண்டு உள்ளே போனாள்.